மூன்று மூட்டை அரிசியும் ஒரு கம்பளிக் கோட்டும்

முப்பத்தொரு வருஷம் பிரெஞ்சுக்காரன் கோர்ட்டில் கிரெப்பியேயாக இருந்தவன் நான். பத்திரங்களைப் பதிவு செய்து காவல் காக்கும் உத்தியோகம். பாகூர்ப் பக்கமும் வில்லியனூர்ப் பக்கமும் இருந்து குடியானவர்கள் வருவார்கள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல் பெருவிரலை நீட்டுவார்கள். "என்னென்று தெரியாமல் எதிலும் விரலை வைப்பாயோ? நாளைக்கு உன் வீட்டைக் காணோம் என்று என்னிடம் வந்து அழாதே" என்று ஏசி அனுப்புவேன். படித்துப் பார்க்காத காகிதத்தில் அமலநாத முதலியாரின் பேனா படாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நானே பரப்பினேன் என்று பிரகாசம் சொல்வான். பிரகாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1958ஆம் வருஷ ஐப்பசி மழையில் கடலோரக் குப்பத்தில் வீடுகள் கரைந்து போயின. மூன்றாம் நாளே என் வீட்டிலிருந்து மூன்று மூட்டை அரிசியை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். மாலை கேட்கவில்லை. போட்டோ கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கொடுப்பதென்றால் அப்படித்தான். கொடுத்த கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம்.

ஆனால் கொடுப்பதற்கு இப்போது வேறு முறை வந்திருப்பதாகத் தேவதாஸ் ஐயர் வந்து எனக்குச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷமாக இங்கே போதகராக இருப்பவர். புராட்டஸ்டண்டு போதகர்களை ஐயர் என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கத்தோலிக்கர்களான நாங்கள் எங்கள் அப்பா காலத்தில் அவர்கள் எல்லோரையும் பதிதர், மார்க்கம் தவறியவர்கள், என்று சொல்லித் தெருவின் எதிர்ப்பக்கமாக நடப்போம். அவருடைய சபையில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த நாற்பது பேருக்கு இங்கிலாந்தில் ஒரு ஆங்கிலிக்கன் தாய்ச்சபை. தாய்ச்சபைக்கு ஒரு நிவாரணச் சங்கம். சங்கத்துக்கு அமெரிக்காவில் பால் பவுடர் தரும் சிநேகிதர்கள். அந்தச் சிநேகிதர்களுக்கு ஒரு நிபந்தனை: உதவி ஒரு மதத்தார் கையால் மட்டும் போகக் கூடாது, ஊரிலுள்ள எல்லாச் சமயத்தாரும் கூட்டாக நின்று கொடுக்க வேண்டும். ஒரு டின் பால் பவுடர் குப்பத்துக்கு வந்து சேர இத்தனை கண்டங்கள் கை கோர்க்க வேண்டியிருந்தது.

எங்கள் பங்குச் சாமியாருக்கு அந்தக் கூட்டில் உட்கார மனமில்லை. உட்காரவில்லை என்ற பெயரும் வேண்டாம். "நீர் போய் உட்காரும் முதலியாரே, நீர் உட்கார்ந்தால் திருச்சபை உட்கார்ந்ததாக ஆகாது" என்று என்னை அனுப்பினார்.

இப்படித்தான் சர்வசமய நிவாரணக் குழு உண்டானது. இந்துக்கள் சார்பில் முதலியார்பேட்டை அரிசி மில் தணிகாசலம். முஸ்லிம்கள் சார்பில் ஒரு மரைக்காயர். தேவதாஸ் ஐயர் தலைவர். அவருடைய குமாஸ்தா ராஜாங்கம் எழுத்து வேலைக்கு. முதல் கூட்டத்தில் யாருடைய ஜெபம் முதலில் என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். கடைசியில் இரண்டு நிமிஷ மௌனம் என்று முடிவாயிற்று. நாலு சமயமும் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான். அந்த மௌனத்திலும் தணிகாசலம் குறட்டை விட்டார்.

கூட்டம் கலையும்போது ராஜாங்கம் இரண்டு காகிதங்களோடு என் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டும் இங்கிலீஷில் அச்சடித்தவை. ஒன்று உதவி செய்தவர்கள் பட்டியல். மற்றது உதவி பெற வேண்டியவர்கள் பட்டியல். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது.

பிரெஞ்சில் சட்டப் புத்தகம் முழுதும் எனக்குப் பாடம். லத்தீனில் பூசைப் பதில்கள் சொல்வேன். இங்கிலீஷ் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் 1954 வரைக்கும் புதுச்சேரியில் ஒரு கௌரவமான மனிதனுக்கு இருந்ததில்லை. கொடி மாறிய மறுநாளிலிருந்து தபாலாபீசிலும் பாங்கியிலும் காகிதங்கள் இங்கிலீஷில் வந்தன. அறுபது வயதுக்கு மேல் ஒருவனிடம் போய் "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்க என் நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு இங்கிலீஷ் பேப்பர் வாங்க ஆரம்பித்தேன். தினமும் காலையில் அரை மணி நேரம், வாசல் கதவைத் திறந்து வைத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ராஜாங்கம் நீட்டிய காகிதங்களில் ஒன்றில் முதல் வரி காலியாக இருந்தது. கீழே இன்னும் முப்பத்தொன்பது வரிகள். முதல் வரி யாருக்கென்று எனக்கா தெரியாது? வாங்கினேன்.

"ஐயா, அது வந்து..." என்றான் ராஜாங்கம்.

"எங்கே போடணும்னு எனக்குத் தெரியும்."

"இல்லீங்க, இந்தத் தாளு..."

"ராஜாங்கம், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் தாள் பாத்தவன்."

பேனாவைத் திறந்தேன். பெயர், தெரு, வீட்டிலுள்ளவர்கள் எண்ணிக்கை. இதெல்லாம் கட்டங்களைப் பார்த்தே தெரிந்தது. கடைசிக் கட்டம் பெரியதாக இருந்தது. எவ்வளவு கொடுத்தேன் என்று எழுதத்தான் இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, பிரெஞ்சில் எழுதினேன்: அரிசி, மூன்று மூட்டை. கீழே வளைவும் சுழிப்புமாக என் கையெழுத்து.

அடுத்த வருஷம் ஆனி மாதம் பார்சல்கள் வந்தன. இங்கிலாந்தில் ஒரு சபையின் நாற்பது வீட்டார், நம் பட்டியலிலுள்ள நாற்பது குடும்பங்களை வீட்டுக்கு ஒன்றாகத் தத்தெடுத்திருந்தார்களாம். ஒவ்வொரு மூட்டையிலும் பெயர். தேவதாஸ் ஐயரின் கோயில் வளாகத்தில் பந்தல், ஒலிபெருக்கி, நானூறு ஜனம். சங்கத்தின் சார்பில் மிஸ் ஹார்ட்லி என்ற துரைசானி மதராசிலிருந்து வந்திருந்தாள். நாங்கள் குழுவினர் மேடையில், கழுத்தில் ரோஜா மாலையோடு. ஆனி வெயிலில் பந்தலுக்குள் அடுப்பு போல் இருந்தது.

துரைசானி நீளமாகப் பேசினாள். தேவதாஸ் ஐயர் தமிழில் சுருக்கிச் சொன்னார்: நாம் எல்லோரும் ஒரே உடலின் அவயவங்கள். பிறகு அவள் பட்டியலை எடுத்து முதல் பெயரைப் படித்தாள். அங்கே போய்த் தட்டெழுத்தில் இங்கிலீஷ் அகர வரிசைப்படி திரும்பி வந்த பட்டியல் அது. அதிலும் நானே முதல்.

"அமலாநாட்டன்!"

எழுந்தேன். முதல் கொடையாளிக்கு முதல் மரியாதை. அதைத்தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. மாலையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நடந்தேன். அவள் ஒரு பெரிய மூட்டையை என் கையில் வைத்தாள். என் தோளைத் தொட்டாள், கண் கலங்கியிருந்தாள். போட்டோக்காரன் விளக்கை அடித்தான். ஒரு காகிதத்தை நீட்டினாள். அதிலும் கையெழுத்துப் போட்டேன். ஜனங்களிடையே ஒரு சலசலப்பு எழுந்தது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். தேவதாஸ் ஐயரின் முகம் மட்டும் வெள்ளைக் காகிதமாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

வீட்டில் மூட்டையைப் பிரித்தோம். என் மனைவி இறந்து ஒன்பது வருஷம். தம்பி மகள் லூர்துசெல்விதான் என்னோடு இருக்கிறாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். உள்ளே முழங்கால் வரை தொங்கும் தவிட்டு நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று, ஒருவர் போட்டுக் கழித்தது. காதை மூடும் தொப்பி. காலுக்கு இரண்டு ஜோடிக் கம்பளி மேஜோடு. ஒரு கனத்த போர்வை, பால் பவுடர் டின்கள், ஒரு கடிதம். கடிதத்தோடு ஒரு கணவன், மனைவி, நாய் ஆகிய மூவரும் தோட்டத்தில் நிற்கும் படம்.

லூர்துசெல்வி கடிதத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பா, இத நீங்களே படிச்சுடறீங்களா?"

"நீயே படி. கண்ணாடி உள்ளே இருக்கு."

கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. அவள் அதைத் தமிழில் படித்தாள். "அன்புள்ள ஏழைக் குடும்பத்தாருக்கு. உங்களிடம் இருந்த மூன்று மூட்டை அரிசியும் வெள்ளத்தில் போய்விட்டது என்று அறிந்து நாங்கள் அழுதோம். இந்தக் கோட்டு என் மாமனாருடையது. அவர் போன மாதம் காலமானார். இது உங்களைக் குளிரிலிருந்து காக்கும்..."

"நிறுத்து."

நிறுத்தினாள். செத்தவன் துணி. எங்கள் வீட்டில் செத்தவர் துணி வண்ணானுக்குப் போகும். அது கடல் கடந்து எனக்கு வந்திருக்கிறது, நான் மாலை போட்டுக்கொண்டு போய் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரு மீன்காரி நின்றாள். கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். பெரிய மார்க்கெட்டில் உட்காரும் குஞ்சம்மாள். என் கையில் இங்கிலீஷ் பேப்பர் இருந்தது.

"மீன் வேணாம்" என்றேன்.

"நான் மீன் விக்க வரல. என் கோட்டு எங்கன்னு கேக்க வந்தேன்."

"உன் கோட்டா?"

"பின்ன? எங்கூடு இடிஞ்சு ஓலையில கெடக்கறேன். பேரு எழுத வந்த ராஜாங்கம், நாப்பது வூட்டுக்குத்தான் தாளுல எடம், நீ நாப்பத்தொண்ணு, போன்னு சொல்லிட்டான். நேத்து பாத்தா மொத ஆளா நீங்க எழுந்து வர்றீங்க. மால வேற. எங்க குப்பத்துல எல்லாம் சிரிச்சு வயித்த வலி. மச்சு வூடு வச்சிருக்கிற ஐயாவுக்கு மழையில இன்னா கரைஞ்சுது?"

அந்தச் சலசலப்பு என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குள் போய்ப் போர்வை, டின்கள், கோட்டு, தொப்பி, மேஜோடு எல்லாவற்றையும் எடுத்து வந்து அவள் கூடைப் பக்கத்தில் வைத்தேன்.

"எடுத்துக்கிட்டுப் போ. தவறு நடந்துபோச்சு."

"யாரு தவறு?" என்றாள்.

அவள் கோட்டைத் தூக்கி வெயிலில் விரித்துப் பார்த்துச் சிரித்தாள். "எங்கப்பன் வூட்டு மனைய வித்த அன்னிக்கி, படிக்காம விரல வைக்காதடான்னு கோர்ட்டுல நீங்க போட்ட சத்தம் எங்க குப்பம் வரைக்கும் கேட்டுச்சு. அப்ப நான் இத்துனூண்டு. ஞாபகம் வச்சிருக்கேன்." கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அன்று மாலையே தேவதாஸ் ஐயரின் வீட்டுக்குப் போனேன். பட்டியலில் என் பெயரை அடித்துக் குஞ்சம்மாள் பெயரை எழுத வேண்டும், இங்கிலாந்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்றேன். அவர் அவசரமாகக் குழுவைக் கூட்டினார்.

"ஐயா, தயவுபண்ணி அமைதியா இருங்க" என்றார். "இப்பத்தான் அங்க நம்ம மேல நம்பிக்கை வந்திருக்கு. ஒரு பேரு தப்புன்னா நாப்பது பேரும் தப்புன்னுருவாங்க. அடுத்த கப்பலே நின்னுரும். போன வாரம் அவங்க பத்திரிகையில உங்க குடும்பத்துக்காகத்தான் ஜெபம் பண்ணச் சொல்லியிருக்காங்க. அந்தக் கோட்டோட உங்க போட்டோ ஒண்ணும் கேட்டிருக்காங்க."

"கோட்டப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ, அவ்ளோதான கேக்கறாங்க?" என்றார் தணிகாசலம். "மாப்ள மாதிரி இருப்பீங்க முதலியாரே."

"அந்தப் பெண் பேரு?" என்றேன்.

"அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்."

"ஆண்டவனுக்குத் தெரியும்" என்றார் மரைக்காயர். "லண்டனுக்குத் தெரிய வேணாம்."

அங்கிருந்து எங்கள் சாமியாரிடம் போனேன். "பதிதரோடு உட்கார்ந்தால் இதுதான் வரும்" என்றார், என்னை அங்கே உட்கார வைத்தவர். பிறகு அவரும் பேசாமல் இருக்கச் சொன்னார். ஆக, நாலு சமயமும் மெய்யாகவே ஒன்றுபட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். யாரும் யாருடைய ஜெபத்தையும் கேட்காமல், ஒன்றரை மணி நேரம் சண்டையில்லாமல், ஒரே வாயாகச் சொன்னார்கள்: பொய் சொல்.

பொய் சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் போலத் தெரியும். உண்மை சொன்னால், கிரெப்பியே அமலநாதன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான், ஒரு தடவையல்ல இரண்டு தடவை, என்று ஊர் முழுக்கத் தெரியும். எந்த ஒரு பெருமையில் முப்பத்தொரு வருஷம் நின்றேனோ அது போகும்.

சும்மா இருந்தால் போவது வேறு. எங்கள் கோயிலில் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி மாதா சப்பரம் எடுக்கும்போது, சப்பரத்துக்கு முன்னால் பலர் ஆளுக்கொரு கொம்பாகத் தாங்கிப் பிடிக்கும் பட்டுக்குடையின் முதல் கொம்பு எங்கள் குடும்பத்துக்கு. என் தாத்தா பிடித்தது, அப்பா பிடித்தது, நான் பிடிப்பது. தாது வருஷப் பஞ்சத்தில் பிரகாசத்தின் தாத்தா கோயில் கஞ்சித்தொட்டியில் கஞ்சி வாங்கிக் குடித்தார். அந்த வருஷம் என் தாத்தா ஒரு விதி எழுதினார்: தருமம் வாங்கிய குடும்பம் குடைக்கொம்பைத் தொடக் கூடாது. பிரகாசம் வீட்டார் இரண்டாம் கொம்பிலிருந்து இறங்கி மூன்று தலைமுறை வெறுங்கையோடு நடந்தார்கள். பசித்தவன் கஞ்சி குடித்ததற்கு எழுதிய விதி. அதை எழுதியதில் என்ன பெருமை இருந்தது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் நிர்வாகிகள் பன்னிரண்டு பேரும் கூடினோம். பிரகாசம் ஒரு பழைய காகிதத்தோடு எழுந்தான். வயது அறுபது, குரல் மட்டும் இருபது. என் தாத்தாவின் விதியைப் பிரெஞ்சில் முழுதாக, ஒவ்வொரு எழுத்தையும் சுவைத்துப் படித்தான். எண்பது வருஷம் காத்திருந்த வாய் அது.

"கீழ இருக்கற கையெழுத்து யாருதுன்னு முசே அமலநாதனுக்குத் தெரியும்" என்றான், பிரெஞ்சு மரியாதை வைத்து. "நானூறு பேரு பாக்க, மால போட்டுக்கிட்டு, இங்கிலீஷ்காரன் கோட்ட வாங்கினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நான் வேற ஒண்ணும் சொல்லல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாமியார் மேஜையைப் பார்த்தார். எழுந்தேன்.

"நான் தருமம் வாங்கவில்லை. மூன்று மூட்டை அரிசி கொடுத்தேன். கொடுத்தவர் பட்டியல் என்று நினைத்து வாங்குபவர் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். மேடையிலும் அப்படியே போட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

பிரகாசம் கேட்டான்: "தெனம் காலையில இங்கிலீஷ் பேப்பர் படிக்கறீங்களே?"

"படிக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தேன்."

சிரித்தார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து முதலில் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். அப்புறம் கைக்குட்டை போதவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர்கள் சிரித்து முடித்த பிறகு, "அந்த மூட்டை எங்கே போயிற்று என்று கேட்க வேண்டுமானால் வெளியே ஆள் நிற்கிறது" என்றேன்.

குஞ்சம்மாளைப் பெரிய மார்க்கெட்டில் நானே போய் அழைத்து வந்திருந்தேன். மீன் கடைக்குப் போய் ஒருத்தியிடம் "நீ வந்து சொல்ல வேண்டும்" என்று நின்றதில் என் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். அரை நாள் வியாபாரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டாள். கூடையிலிருந்த அவ்வளவையும் வாங்கினேன். எங்கள் வீட்டில் மூன்று நாள் மீன்.

அவள் கதவோரம் நின்று சொன்னாள்: "போர்வை, மாவு டின்னு, கோட்டு, தொப்பி, எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. ஐயா வூட்டுல ஒண்ணும் நிக்கல. எனக்கு எடமில்லன்னு சொன்ன தாளுல இவரு குந்திக்கிட்டாரு, அவ்ளோதான். தெரியாம குந்திட்டாரு. பாவம்."

பாவம் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. ஆனால் அதுதான் என் குடையைக் காப்பாற்றியது. விதி வாங்கியவனுக்குத்தான், வாங்காதவனுக்கு இல்லை என்றார் சாமியார். நான் இன்னொன்றும் கேட்டேன்: விதியையே எடுத்துவிட வேண்டும், பிரகாசத்துக்கு இரண்டாம் கொம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரகாசம் நன்றி சொல்லவில்லை. "இதையாவது படிச்சிட்டுத்தான் சொல்றீங்களா?" என்றான்.

அன்றிரவு இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் மாமனாரின் ஆத்துமம் இளைப்பாறட்டும். நான் ஏழையல்ல. அரிசியை வெள்ளம் கொண்டுபோகவில்லை, நான் கொடுத்தேன். வீடு இழந்தவள் பெயர் குஞ்சம்மாள், அவளுக்குக் கோட்டு வேண்டாம், கூரை வேண்டும். பிரெஞ்சில் எழுதினேன். லூர்துசெல்வி இங்கிலீஷில் மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். தெரியாத மொழிக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி என்று அவர்களும் ஒரு நாள் பார்க்கட்டும். கடிதத்தைத் தேவதாஸ் ஐயரிடம் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து, கீழே நாலு வரி இங்கிலீஷில் தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதினார் என்று படித்துக் காட்டச் சொன்னேன். படித்துக் காட்டினார். தவறு எங்களுடையது என்று எழுதியிருந்தார். அந்தக் கூட்டுக் குழுவில் ஒருவர் செய்த ஒரே யோக்கியமான காரியம் அது என்பேன்.

ஆகஸ்டு பதினைந்து மாலை சப்பரம் புறப்பட்டது. முதல் கொம்பு என் கையில், இரண்டாம் கொம்பு பிரகாசத்தின் கையில். முன்னால் பேண்டு வாத்தியம் போனது. கிளாரினெட் ஊதுகிறவன் முழங்கால் வரை தொங்கும் தவிட்டு நிறக் கோட்டு போட்டிருந்தான். வேர்வை கொட்டியது, ஆனாலும் கழற்றவில்லை. குஞ்சம்மாள் அதை அவனுக்கு நல்ல விலைக்கு விற்றிருந்தாள். இங்கிலாந்திலிருந்து கடிதம் எழுதியவரின் மாமனார் கடைசியில் எங்கள் மாதாவுக்கு முன்னால் நடந்தார்.

மார்க்கெட் முனையில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குத் தெரிந்த குரல்.

"ஐயா! கொடையில இன்னா எழுதியிருக்குன்னு பாத்துட்டுத்தான் பிடிச்சிருக்கீங்களா?"

தெருவே சிரித்தது. சப்பரத்தில் போகும்போது எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் திரும்பிப் பதில் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. நின்றேன். நான் நின்றதால் குடை நின்றது, குடை நின்றதால் சப்பரம் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். பட்டின் ஓரத்தில் என் தாத்தா காலத்து ஜரிகை எழுத்துகள், லத்தீனில். நாற்பது வருஷமாக அதன் கீழே நடக்கிறேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன்.

"நடங்க முதலியாரே" என்று பிரகாசம் பல்லைக் கடித்தான்.

படித்து முடித்த பிறகே அடுத்த அடியை எடுத்து வைத்தேன்.